பாதி உடம்பு வலிக்கும்போது

திருச்சிற்றம்பலம்.



இந்த மாதம் இல்லறத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் மூன்றாம் வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற பையன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "உனக்கு என்னடா தெரியும்?" என்று சில அண்ணன்மார்கள் கேட்பது இப்பவே காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனா நம்ம இயக்கத்தில் போன இரண்டு வருஷத்தில் எத்தனை கல்யாணம் நடந்தது, எண்ணிப் பாருங்க. மண்டபம், சாப்பாடு, போட்டோ, எல்லாத்துக்கும் யோசனை சொல்ல ஆள் இருந்தது. மனைவிக்கு நோய் வந்தால் கணவன் என்ன செய்யணும் என்று சொல்ல யாரும் இல்லை. அதுக்கு நம்ம சமயத்தில் என்ன இருக்கு என்று தேடினேன். தேடினது என்னைத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோய் விட்டது.

திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு கொங்கு நாட்டுக்குப் போனதைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். கொடிமாடச் செங்குன்றூர் என்பது அந்த ஊரின் பழைய பெயர். பனிக்காலம். கூட வந்த அடியார்களுக்குக் குளிர்சுரம் வந்துவிடுகிறது. "இந்த நாட்டில் இந்தக் காலத்தில் இது வழக்கம்தான் சாமி" என்கிறார்கள். சம்பந்தர் "அப்படியா, சரி, பொறுத்துக்கோங்க" என்று சொல்லவில்லை. இந்த ஊரின் இயல்பாக இருந்தாலும் அது நம்மைத் தொடக்கூடாது என்று சொல்லித் திருநீலகண்டப் பதிகத்தைப் பாடுகிறார். முதல் திருமுறையில் 116ஆம் பதிகம் அது. அடியார்களுக்கு மட்டும் இல்லை, அந்த நாட்டுக்கே சுரம் நீங்கியது என்று சேக்கிழார் எழுதுகிறார்.

தேவார வகுப்பில் இந்தப் பதிகத்தை ராகத்தோடு பாடக் கற்றுக்கொடுத்தார்கள். அது என்ன கேட்கிறது என்று கொஞ்சம் நின்று பார்த்தால்தான் சூடு தெரியும். இது முன்வினை என்று தெரிந்தவர்களே, தெரிந்துகொண்டு தப்பிக்க வழி தேடாமல் இருப்பது குறைதானே என்று கேட்கிறார் சம்பந்தர். வினை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. வினை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவதைத்தான் மறுக்கிறார்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், எனக்குச் சொந்தத்தில் ஒரு அக்கா. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகிறது. காலையில் எழுந்தால் கைவிரல் மடங்காது. பல்விளக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது. பத்து மணிக்கு மேலேதான் கை கொஞ்சம் கைபோல ஆகும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம். கிளினிக் டாக்டர் பார்த்துவிட்டு, "முடக்கு வாதமாக இருக்கலாம், ஸ்பெஷலிஸ்டைப் பாருங்க" என்று கடிதம் கொடுத்தார். "இருக்கலாம்" என்ற அந்த ஒரு சொல் வீட்டுக்குள் வந்ததும் என்னென்ன பேச்சு கிளம்பியது தெரியுமா? ஒரு அத்தை, "போன ஜென்மத்துப் பாவம்" என்றார். இன்னொருவர், "பெண் வீட்டுக்காரங்க மறைச்சுக் கட்டிவெச்சுட்டாங்க" என்றார். மூன்றாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், "குழந்தை பிறக்குமா?" என்று அக்கா முன்னாலேயே கேட்டார்.

மாமா அதிகம் பேசாத மனுஷன். அன்றைக்கு மட்டும், "அவளுக்குக் கை வலிக்குது. பாவக்கணக்கு பார்க்க இங்கே யாரும் ஆடிட்டர் இல்லை" என்றார். அவருக்குத் தேவாரம் ஒரு வரி தெரியாது. ஆனா சம்பந்தர் சொன்னதை அவர் வேற பாஷையில் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

இப்போது நோயைப் பற்றிக் கொஞ்சம். புரியாத ஒன்றுக்குத்தான் ஆளாளுக்குக் கதை கட்டுவார்கள். ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் முடக்கு வாதம், வயசானால் வரும் முட்டித் தேய்மானம் இல்லை. கிருமியோடு சண்டை போடவேண்டிய நம்ம உடம்பின் காவல் படை, ஆள் மாறி, சொந்த மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குகிறது. சென்சார் தப்பான சிக்னல் கொடுத்தால் நல்ல மெஷினும் தன்னையே கெடுத்துக்கொள்ளும் என்று லேபில் படிக்கிறோமே, ஏறக்குறைய அதுதான். தேய்மானத்தில் வேலை செய்யச் செய்ய வலி கூடும். இதில் ஓய்வெடுத்து எழும்போதுதான் விறைப்பு அதிகம், அசைய அசைய இளகும். கைவிரல் கணு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி, இப்படிச் சின்ன மூட்டுகளில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. இளம் வயதிலும் வரும். யாரும் யாருக்கும் செய்த குற்றத்தால் வருவதில்லை.

"இருக்கலாம்" என்று டாக்டர் இழுப்பதற்கும் காரணம் இருக்கு. ஒரே ஒரு டெஸ்டில் இதை முடிவு செய்ய முடியாது. ருமட்டாய்ட் ஃபேக்டர், ஆன்டி சிசிபி, இஎஸ்ஆர், சிஆர்பி என்று ரத்தத்தில் பலது பார்ப்பார்கள். நோய் இருந்தும் ரிசல்ட் நெகட்டிவ்வாக வருபவர்கள் உண்டு. நோயே இல்லாமல் ருமட்டாய்ட் ஃபேக்டர் பாசிட்டிவ்வாக இருப்பவர்களும் உண்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். நம்ம நாட்டில் சிக்குன்குன்யா வந்துபோனவர்களுக்கும் மாதக்கணக்கில் இதே மாதிரி மூட்டுவலி இருக்கும். லூப்பஸ், சோரியாசிஸ் சார்ந்த மூட்டுவலி, தைராய்டு கோளாறு என்று சந்தேகப்பட வேறு ஆட்களும் உண்டு. அதனால் கூகுளில் தேடி முதல் நாளே அழுதுமுடிப்பதும் வேண்டாம், ஒன்றுமில்லை என்று மூடிவைப்பதும் வேண்டாம். முடக்கு வாதமாக இருந்தால், முதல் சில மாதங்களுக்குள் மருந்து ஆரம்பித்தவர்களுக்குத்தான் மூட்டு நன்றாகக் காப்பாற்றப்படுகிறது. அரித்துப்போன எலும்பு திரும்ப வளராது. பரிகாரத்துக்கு நாள் பார்க்கிறோமே, இந்த நாளும் பார்க்கவேண்டிய நாள்தான்.

கிளினிக் கெசிஹத்தானில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. அங்கே கடிதம் வாங்கினால் அரசு மருத்துவமனை ருமட்டாலஜி பிரிவுக்குப் போகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு செலாயாங் மருத்துவமனையும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமும் தெரிந்த இடங்கள். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரங்கள் ஆகும், சில இடத்தில் மாதங்கள். இந்தக் காத்திருப்பில்தான் வீடு உடையும் அல்லது நிற்கும்.

காத்திருக்கும்போது கணவன் செய்யக்கூடிய வேலை இருக்கு. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், எத்தனை நிமிஷம் விறைப்பு இருந்தது, எந்த விரல் வீங்கியது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிவைக்கலாம். வீக்கம் இருக்கும்போது போனில் படம் எடுத்துவைக்கலாம், ஏன்னா டாக்டரைப் பார்க்கிற அன்றைக்குப் பார்த்து வீக்கம் வடிந்துபோயிருக்கும்! மாமா இதைச் செய்தார். டாக்டர் அந்த நோட்டை வாங்கிப் புரட்டினார், கேள்விகள் பாதியாகக் குறைந்தது.

இதே காத்திருப்பில்தான் பொடி விற்கிறவர்களும் வருவார்கள். "மூன்றே நாளில் வலி போகும்" என்பார்கள். உண்மையாகவே போகும்! ஏன்னா அப்படிப்பட்ட சில பொடிகளிலும் ஜாமுகளிலும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம்ம சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. அளவு தெரியாமல் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. திருநீறு கொடுத்தால் பூசிக்கொள்ளுங்க. பொடி கொடுத்தால் பாக்கெட்டில் மால் பதிவு எண் இருக்கா என்று முதலில் பாருங்க. இல்லையென்றால் கொடுத்தவர் எவ்வளவு பெரிய சாமியாராக இருந்தாலும் வேண்டாம்.

சரி, சமயத்துக்கு வருவோம். நளாயினி கதை எல்லாருக்கும் தெரியும். தொழுநோய் வந்த கணவனைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்த பத்தினி. நம்ம பாட்டிமார்கள் இதைச் சொல்லிச் சொல்லித்தான் பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். எனக்கு ஒரு சந்தேகம். மனைவிக்கு நோய் வந்து, கணவன் கூடை தூக்கிய கதை எங்கே? அந்த மாதிரிப் பெயர்பெற்ற கதை எனக்கு அகப்படவில்லை. இதனால் நம்ம பையன்கள் பலர், சேவை என்பது பெண் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம், நமக்குச் சிலபஸில் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

கதை இல்லையே தவிர, மூர்த்தி இருக்கு. அதே திருச்செங்கோட்டு மலைமேல் நிற்பவர் அர்த்தநாரீஸ்வரர். சம்பந்தர் நோயை எதிர்த்துப் பாடிய ஊரில் குடியிருப்பவர், பாதி உடம்பைத் தேவிக்குக் கொடுத்த சாமி. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்க. அம்மை வேறு உடம்பாக இருந்தால் அப்பனுக்கு அது சேவை, உதவி, பெருந்தன்மை என்று பெயர் வைக்கலாம். ஒரே உடம்பின் இடப்பக்கம் வலித்தால் வலப்பக்கம் செய்வதற்கு என்ன பெயர்? இடது கையில் அடிபட்டால் வலது கை போய்ப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு யாரும் மாலை போடுவதில்லை, அதுவும் எதிர்பார்ப்பதில்லை.

வீட்டில் இது எப்படி இருக்கும்? தேங்காய் துருவுவது, ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறப்பது, துணி பிழிவது, ஜடை பின்னுவது, இதெல்லாம் விரல் கணு செய்கிற வேலை. ராத்திரியே பாட்டில் மூடிகளைத் தளர்த்திவைத்தால் காலையில் அவள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதுதான் வலியைவிடப் பெரிய வலி என்று அக்கா ஒருமுறை சொன்னார். இன்னொன்று, இந்த நோயில் வரும் அசதி தூக்கத்தில் போகாது. "இப்பதானே தூங்கி எழுந்தே" என்ற கேள்வியை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்க.

அழுதால்? அழட்டும். "பாசிட்டிவ்வா இரு" என்று உடனே ஆரம்பிக்காதீங்க. நாவுக்கரசர் சூலை நோயில் துடித்துத் திருவதிகைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவந்தார். அவர் அங்கே பாடிய முதல் பதிகமே வலியைச் சொல்லி முறையிடுகிற பதிகம்தான். அதை நாம் அடக்கமில்லாத பேச்சு என்று ஒதுக்கவில்லை, நாலாம் திருமுறையின் தலையில் வைத்திருக்கிறோம். அக்கா திலகவதியாரும் அன்றைக்கு, "நான் அப்பவே சொன்னேனே, கேட்டியா" என்று தொடங்கவில்லை. வேற சமயத்துக்குப் போய் வருஷக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பின தம்பி! சொல்லியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? திருநீறு கொடுத்தார், விடியுமுன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கோயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பாதம் வீங்கியவருக்குக் கருங்கல் தரையில் வெறுங்காலோடு அரை மணி நேரம் நிற்பது சாதாரணம் இல்லை. கோயிலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிற பழக்கத்தை நம்ம இளைஞர்களாவது விடணும். வெளியே நன்றாகத் தெரிகிற நோய் இல்லை இது. விரதத்திலும் கவனம் வேண்டும். வெறும் வயிற்றில் வலிமாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும்.

ரிசல்ட் வந்து, முடக்கு வாதம்தான் என்று ஆகிவிட்டால் பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மாத்திரை. தவறி தினமும் சாப்பிட்டால் பெரிய ஆபத்து. அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டுவைப்பது கணவனின் வேலையாக இருக்கட்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், நடுவில் நம்பிக்கை இழக்கக்கூடாது. கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்து கூடவே கூடாது. குழந்தை வேண்டும் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொன்னால், கர்ப்பகாலத்துக்கு ஒத்துவரும் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். இந்த நோயோடு பிள்ளை பெற்று வளர்க்கிற தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்த மூன்றாவது உறவினருக்கு இதைப் போய்ச் சொல்ல ஆசை. மாமாதான் விடவில்லை.

அக்கா போன வருஷமே பத்துமலைக்குப் பால்குடம் வேண்டியிருந்தார். 272 படி, தலையில் குடம், வீங்கிய விரல். வேண்டுதலை என்ன செய்வது என்று கோயில் குருக்களிடம் கேட்டார்கள். "உங்க வீட்டுக்காரர் எடுக்கட்டும்மா, முருகனுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றார் அவர். மாமா இப்போது 48 நாள் விரதம் இருக்கிறார். மாலையில் இரண்டு பேரும் பக்கத்துத் திடலில் மெதுவாக நடக்கிறார்கள். மூட்டு இளக நடை நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்பெஷலிஸ்டிடம் அடுத்த செக்கப் தைப்பூசத்துக்கு முந்தின வாரம்.

சிவாயநம.