பகிர்ந்தளிப்பவனின் தர்மம்

1971 நவம்பரில் இந்தியாவின் அஞ்சல் நிலையங்களில் 5 பைசா மதிப்புள்ள ஒரு தபால்தலை விற்பனைக்கு வந்தது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகளின் நிவாரணத்திற்கென விதிக்கப்பட்ட வரி அது. வெளியூரிலிருந்த மகனுக்குக் கடிதம் எழுதிய தாயும், சரக்கு விவரம் கேட்டு எழுதிய வணிகரும் வழக்கமான கட்டணத்துடன் அந்த 5 பைசாவையும் சேர்த்தே செலுத்தினார்கள். 1973 மார்ச் வரை அந்த வரி நீடித்தது.

5 பைசாவைக் கொடுப்பது எளிது. ஆனால் எண்ணற்ற கைகளிலிருந்து வந்த காசுகள் ஒரே நிதியாகத் திரண்ட பிறகு, அதை யாருக்கு, எவ்வளவு, எந்த வரிசையில் கொடுப்பது? கொடுத்தவரின் கடமை முடியும் இடத்தில் பகிர்ந்தளிப்பவரின் சோதனை தொடங்குகிறது. பொருளை ஈட்டுவதையும் காப்பதையும் சொன்ன வள்ளுவர், அதை வகுத்தளிப்பதையும் ஆள்வோரின் திறமைகளுள் ஒன்றாக வைத்ததன் பொருள் இங்கே விளங்கும்.

எது சமநீதி?

அந்த ஆண்டு இந்தியாவிற்கு வந்த அகதிகள் ஏறத்தாழ 1 கோடிப் பேர். அவர்களில் சுமார் 68 லட்சம் பேர் முகாம்களில் இருந்தனர். சுமார் 31 லட்சம் பேர் உறவினர், நண்பர் வீடுகளில் ஒண்டிக்கொண்டனர். 15 லட்சம் மக்களே வாழ்ந்த திரிபுராவிற்குள் ஏறக்குறைய 14 லட்சம் பேர் வந்து சேர்ந்தனர். ஏப்ரலில் ஐ.நா. பொதுச் செயலாளர் ஊ தாண்ட், அகதிகளுக்கான உயர் ஆணையரின் அலுவலகத்தை உதவிகளை ஒருங்கிணைக்கும் மையமாக நியமித்தார். உலக நாடுகளின் உதவி அதன் வழியே வந்தது. எனினும் பெரும் சுமை இந்தியாவின் கருவூலத்தின் மீதே விழுந்தது.

அந்நிலையில் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதே நீதி எனத் தோன்றும். ஆனால் காலரா கண்டவனுக்கும் நலமாக இருப்பவனுக்கும் ஒரே பங்கு தருவது நீதியாகுமா? அப்படியானால் மிக அதிகமாகத் துன்புறுவோருக்கே முதலிடம் எனலாம். ஆனால் ஓர் உயிரை மீட்கச் செலவாகும் பணத்தில் பத்து உயிர்களைக் காக்க முடியுமென்றால்? சரி, அதிகம் பேரைக் காப்பதே நெறி என்று கொண்டால், சாலையில்லாத ஊரில் கிடக்கும் முதியவர் ‘செலவு அதிகம்’ என்ற காரணத்தால் எப்போதும் விடுபட்டுப் போவார். முகாமின் வரிசையில் நிற்பவர் கண்ணில் படுகிறார். உறவினர் வீட்டுத் திண்ணையில் பசியோடு இருப்பவர் படுவதில்லை. தன் கூரையையே அகதிக்குப் பகிர்ந்து கொடுத்த உள்ளூர் ஏழையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

பன்காவ் கற்பித்தது

மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் மருத்துவமனையில் அந்த ஜூன் மாதம் காலரா நோயாளிகள் தரையெங்கும் கிடந்தனர். இரண்டு அறைகள், 16 படுக்கைகள். நரம்பின் வழியே செலுத்தும் உப்புநீரின் இருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலானபிஸ், இருப்பதை யாருக்குத் தருவது என்ற கேள்வியோடு நின்றுவிடவில்லை. குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளவாகக் கலந்து, நீரில் கரைத்து, நோயாளியின் தாயோ சகோதரனோ வாயில் புகட்டும்படி செய்தார். அம்முறை அத்தகைய நிலைமையில் அதுவரை பெருமளவில் சோதிக்கப்படாதது; பொறுப்பைத் தாமே ஏற்றார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த உயிரிழப்பு, அவருடைய குழுவின் கவனிப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

‘யாரை விடுவது’ என்று கேட்பதற்கு முன், ‘இதே பொருள் இன்னும் பலரை எட்ட வழியுண்டா’ என்று கேட்பது பகிர்ந்தளிப்பவரின் முதற்கடமை என்பதை இது காட்டுகிறது. சிக்கனம் இங்கே கருணையின் ஒரு வடிவம். பொது நிதியில் வீணாகும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் இழந்த மருந்து.

தேசம், காலம், பாத்திரம்

எல்லா நெருக்கடிகளுக்கும் இத்தகைய வழி கிடைத்துவிடாது. அப்போது நெறி தேவைப்படுகிறது. சாத்விக தானத்திற்குத் தேசம், காலம், பாத்திரம் என்ற மூன்றையும் கீதை வைக்கிறது. காலம் தவறிய உதவி உதவியாவதில்லை. துன்பம் நேர்ந்த பின் கையேந்தினால் பணம் வந்து சேருமுன் உயிர் போய்விடும். 2005இல் ஐ.நா. பொதுச்சபை மைய அவசர நிதியை விரிவாக்கி அமைத்ததன் நோக்கம் இதுவே: நாடுகள் முன்கூட்டியே பொதுவாகக் கொடுத்துவைக்கும் நிதி, நெருக்கடி மூண்டதும் உடனே செல்கிறது. அதன் ஒரு பகுதி உலகம் திரும்பிப் பார்க்காத நெருக்கடிகளுக்கென ஒதுக்கப்படுகிறது. இது தேசத்தைப் பற்றிய விவேகம். பாத்திரம் என்பதோ பெறுபவரின் மதமோ மொழியோ அன்று. அவருடைய தேவை மட்டுமே.

2017 ஆகஸ்டு முதல் மியான்மரிலிருந்து 7 லட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்திற்குள் வந்தனர். நன்கொடை குறைந்ததால் 2023இல் உலக உணவுத் திட்டம் அவர்களுக்கான மாத உணவுப் பங்கைத் தலைக்கு 12 டாலரிலிருந்து மார்ச்சில் 10 டாலராகவும், ஜூனில் 8 டாலராகவும் குறைக்க நேர்ந்தது. மறு ஆண்டு அது மீண்டும் உயர்த்தப்பட்டது. அந்த 8 டாலர், கர்ப்பிணி இருக்கும் குடிசையிலும் திடமான இளைஞர் இருக்கும் குடிசையிலும் ஒரே பொருளைத் தராது.

நான்கு குழந்தைகளின் தாய் நால்வருக்கும் ஒரே அளவில் சோறிடுவதில்லை. ஒரே அன்போடு இடுகிறாள். ஆனால் தாய் தன் குழந்தைகளை அறிவாள். பொது நிதியைப் பகிர்பவர் லட்சக்கணக்கானோரை முகம் அறிந்தவர் அல்லர். ஆகவே அவருக்கு விதிகள் வேண்டும், எவரும் பார்க்கக்கூடிய கணக்கு வேண்டும், பெறுபவரின் குறையைக் கேட்கும் செவி வேண்டும். விதியைக் கருணையற்றது என்பார்கள். எதிரில் அழுபவருக்கு மட்டும் இரங்கினால், தொலைவில் அழுபவரின் பங்கு பறிபோகிறது. காணாதவரையும் கண்டவராகக் கருதச் செய்வதே விதி.

இவ்வளவு செய்த பின்னும் ஒருவர் விடுபடுவார். ‘இல்லை’ என்ற சொல்லை ஒரு தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நாள் வரும். முடிவு சரியானது என்பதால் அவளுடைய துயரம் பொய்யாகிவிடாது. அதற்காக மனம் மரத்துப்போனால் அடுத்த முடிவு தவறும். மனம் உடைந்துபோனால் அடுத்த முடிவை எடுக்கவே ஆளிராது. வலியை உணர்ந்துகொண்டே, பற்றின்றி, மறுநாளும் அந்த மேசைக்குத் திரும்புவதே கர்மயோகம். விடுபட்டவரின் பெயரை மறக்காமல் எழுதி வைத்து, அடுத்த நிதி வரும்போது அவரிடமிருந்தே தொடங்குவது அதன் அடையாளம்.

அந்த 5 பைசா தபால்தலையில் கொடுத்தவரின் பெயர் இல்லை. அதனால் பயனடைந்தவர் அவரை ஒருநாளும் அறியப்போவதில்லை. இருவருக்கும் இடையே இருந்தது ஒரு கை. வந்த பொருளும் தன்னுடையதல்ல, பெறும் நன்றியும் தன்னுடையதல்ல என்று அறிந்த கையே அதைச் சரியாகப் பகிர்ந்தளிக்கும்.