நேர் மட்டையும் நேரிய மனமும்

கிரிக்கெட் ஆட்டம் கற்க வரும் சிறுவனுக்கு முதல் நாளில் கற்பிக்கப்படுவது பந்தை ஓங்கி அடிப்பதன்று, தடுத்து ஆடுவதே. மட்டையின் பிடியில் இரு கைகளும் நெருங்கி இருக்க வேண்டும், தலை அசையலாகாது, முன்கால் பந்து விழும் இடத்தை நோக்கிச் செல்ல வேண்டும், வலக்கை ஆட்டக்காரனாயின் இடது முழங்கை உயர்ந்து நிற்க, மட்டை செங்குத்தாக இறங்க வேண்டும். மட்டை சாய்ந்தால் பந்து விளிம்பில் உரசி விக்கெட் காப்பாளரின் கையில் சிக்கிவிடும். எனவே, 'நேர் மட்டை' என்பதே இவ்வாட்டத்தின் அரிச்சுவடி. நேர் என்னும் சொல்லிலிருந்துதான் நேர்மை என்னும் சொல்லும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆயினும் எத்துணைப் பயிற்சி பெற்றவனின் மட்டையும் ஒருநாள் சாயும். பந்து விளிம்பை மயிரிழையளவே உரசிச் செல்கிறது. 22 கெஜத்திற்கு அப்பால் நிற்கும் நடுவருக்கு அந்த ஒலி கேட்கவில்லை. அவர் தலையை அசைத்து மறுத்துவிடுகிறார். மட்டையைப் பிடித்திருந்த விரல்களுக்கோ அந்த அதிர்வு தெரியும். அச்சிறுவன் இப்போது என்ன செய்ய வேண்டும்? நிற்க வேண்டுமா, நடக்க வேண்டுமா?

பலரும் கவனியாத ஒரு விதி இங்கு நமக்கு உதவும். கிரிக்கெட் சட்டங்களுள் 31ஆம் சட்டம் முறையீட்டைப் பற்றியது. எதிரணியினர் முறையிடாதவரை நடுவர் எவரையும் ஆட்டமிழந்தவராக அறிவிக்கக்கூடாது என்று அது கூறுகிறது. அதே சட்டம், ஆட்டமிழந்த ஒருவர் முறையீட்டிற்குக் காத்திராமல் தாமாகவே வெளியேறுவதற்குத் தடை இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதாவது, சட்டம் அவனை நடக்குமாறு கட்டாயப்படுத்தவில்லை; நடப்பதற்கான வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாயிலின் வழியே செல்வதா என்பதை அவன் மனச்சான்று மட்டுமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நிற்பவரின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. "தீர்ப்பளிப்பது நடுவரின் கடமை; ஆடுவது என் கடமை. தொடாத பந்திற்கு அவர் என்னை வெளியேற்றியபோது நான் வாய் திறவாமல் சென்றேன், இன்று அவர் தவறு எனக்குச் சாதகமாயிற்று" என்பார்கள். "நான் ஒருவன் நல்லவனாக நடந்து காட்ட, என் அணியினர் பத்துப் பேர் ஏன் தோற்க வேண்டும்?" என்றும் கேட்பார்கள். நம் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவுகூட, குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகவே சான்று பகருமாறு கட்டாயப்படுத்தலாகாது என்கிறதன்றோ? 2013ஆம் ஆண்டு நாட்டிங்காமில் நடந்த ஆஷஸ் டெஸ்டில், பந்து மட்டையில் பட்டுச் சிலிப்பில் நின்றவர் கைக்குச் சென்ற பின்னும் இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட் நகரவில்லை. நடுவரும் அவரை வெளியேற்றவில்லை. இங்கிலாந்து 14 ஓட்டங்களில் வென்றது. அவர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை.

இவ்வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவை எல்லாம் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. அரசியலமைப்பு தரும் பாதுகாப்பு, வலியவரான அரசு எளியவனை வதைத்து வாக்குமூலம் வாங்காதிருப்பதற்கானது. உண்மையை அறிந்தவன் அதைத் தன் ஆதாயத்திற்காக மறைத்துக்கொள்ளலாம் என்ற அறத்தை அது போதிக்கவில்லை. நேற்று எனக்கு இழைக்கப்பட்ட தவற்றை இன்று வேறோர் அணியிடம் வசூலித்துக்கொள்வதும் நீதியாகாது. கடன்பட்டவர் ஒருவர், அதைச் செலுத்துபவர் மற்றொருவர் என்றாகிவிடும். அணியின் நலன் என்னும் வாதமோ இன்னும் நுட்பமானது. குடும்பத்திற்காக என்று சொல்லிக் கையூட்டு வாங்குபவரும் இதையே சொல்கிறார். நாம் நேசிப்பவர்களின் பெயரால் செய்யும்போது தவறு நமக்குத் தியாகம்போலத் தோன்றுகிறது.

எனினும் இங்கு வேறுபாடுகளைக் காண வேண்டும். பந்து பட்டதா இல்லையா என்று உண்மையிலேயே தெரியாதவன் நடுவரின் தீர்ப்பிற்குக் காத்திருப்பதில் வஞ்சகம் இல்லை. ஐயத்தை அவரிடம் ஒப்படைப்பது பணிவேயாகும். அறிந்தும் வாளாவிருப்பவன் உண்மையை மறைக்கிறான். பந்து மட்டையில் பட்டிருக்க, தோளில் பட்டதுபோல் தோளைத் தடவிக் காட்டுபவனோ கையால் பொய் சொல்கிறான். பந்து படவில்லை என்று அறிந்தும் கூவி முறையிடும் எதிரணியினரும் அவ்வாறே. எட்டாம் கட்டளை தடுக்கும் பொய்ச்சான்று நாவினால் மட்டும் நிகழ்வதன்று.

நேர்மைக்கு வெற்றி பரிசாகக் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில், இலங்கைக்கு எதிராக ஆடிய ஆஸ்திரேலியாவின் ஆடம் கில்கிறிஸ்ட், நடுவர் மறுத்த பின்னும் தாமாகவே வெளியேறினார். அவர் அணி வென்றது. 1980ஆம் ஆண்டு பம்பாய் வான்கடே அரங்கில் இந்திய அணித்தலைவர் குண்டப்பா விஸ்வநாத், நடுவரால் வெளியேற்றப்பட்ட இங்கிலாந்தின் பாப் டெய்லர் பந்தைத் தொடவில்லை என்று நம்பி, அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் இயன் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் குவித்தனர்; இந்தியா 10 விக்கெட்டுகளில் தோற்றது. அந்தத் தோல்வியால் விஸ்வநாத் செய்தது தவறாகிவிடவில்லை. கில்கிறிஸ்ட் செய்தது சரியானதும் வெற்றியினால் அன்று.

புனித பவுலடியார் விசுவாச வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டவர். விதிப்படி போட்டியிடாதவருக்கு வாகை கிட்டாது என்று திமொத்தேயுவுக்கு நினைவூட்டியவர். சக்கேயுவோ அதற்கும் ஒருபடி மேலே செல்கிறார். அவர் வீட்டில் அன்று நடுவரும் இல்லை, வழக்கும் இல்லை. ஆண்டவர் கணக்குக் கேட்கவுமில்லை. வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அவரே எழுந்து நின்று சொன்னார். மனச்சான்றை மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் திருவிடமாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டதன் பொருள் இங்கு விளங்குகிறது. ஒப்புரவு அருட்சாதனத்திலும் நாம் செய்வது இதுவே: எவரும் காணாததை நாமே எடுத்துரைக்கிறோம்.

இன்று பெரிய அரங்குகளில் மெல்லிய உரசலையும் கருவிகள் காட்டிக்கொடுக்கின்றன. நம் பங்குத் திடலிலும் தெருமுனையிலும் அவை இல்லை. பெரும்பாலும் நடுவரே இல்லை. ஆகவே, மனச்சான்றைப் பயிற்றுவிக்க அவையே தகுந்த இடங்கள். அங்கு ஒரு சிறுவன் தானாக மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வருவான். தோழர்கள் அவனை ஏசுவார்கள். வீட்டிற்கு வந்ததும், "எத்தனை ஓட்டம் எடுத்தாய்?" என்று நாம் கேட்போம். அவன் நடந்ததைச் சொல்வான். அப்போது நம் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவன் உற்றுக் கவனிப்பான். "பைத்தியக்காரா, நின்றிருக்கலாமே" என்று சொல்லிவிடுவோமாயின், ஞாயிறு மறைக்கல்வியில் அவன் கற்றதை அந்த ஒரு சொல்லே அழித்துவிடும். அவன் இழந்த ஆட்டத்திற்காக அவனோடு சேர்ந்து வருந்துவோம். அவன் செய்ததற்காக அவனை அணைத்துக்கொள்வோம். நாளை மீண்டும் திடலுக்குச் செல்லும் துணிவை அதுவே அவனுக்குத் தரும்.