பற்றிக்கொள்ளாத குட்டி

ஓசூரை அடுத்த சானமாவு காட்டுக்கு யானைக்கூட்டம் வந்துவிட்டது என்றால் விடிவதற்குள் சுற்று ஊர்களுக்கெல்லாம் செய்தி எட்டிவிடும். ராகி முற்றும் மாதங்களில் தேன்கனிக்கோட்டையிலும் ஜவளகிரியிலும் அஞ்செட்டியிலும் அதுதான் பேச்சு. பயிரை மிதித்த யானையைத் திட்டுகிற அதே வாய் பிள்ளையாரையும் கும்பிடுகிறது. சிறுத்தைக்கும் அச்சம் கலந்த ஒரு மரியாதை உண்டு. இந்த மேலகிரிக் குன்றுகளைப் போன்ற வறண்ட காடுகளில் இரவெல்லாம் இரைதேடித் திரியும் சிறு பூனைகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

அவற்றுள் ஒன்று துரும்பன் பூனை. முழுதாக வளர்ந்தாலும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. உலகின் மிகச் சிறிய பூனையினங்களில் ஒன்று. இந்தியா, இலங்கை, நேபாளம் தவிர வேறெங்கும் இல்லை. பிரெஞ்சு விலங்கியலாளர் இசிடோர் ஜெஃப்ராய் செயின்ட்-இலேர் 1831-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தது புதுச்சேரியில் கிடைத்த ஒரு விலங்கைக் கொண்டுதான். தமிழ் மண்ணிலிருந்து உலகுக்கு அறிமுகமான இந்த உயிரைத் தமிழர்களில் பலர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

எந்தப் பெரிய கோயிலிலும் இது சாமிக்கு வாகனமாக நிற்பதில்லை. ஆளை அடிப்பதில்லை, பயிரை அழிப்பதில்லை. இப்படி ஓர் உயிர் மலையோரத்தில் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அறத்தின் பக்கம் நிற்பவர்கள் தட்டிக்கழிக்க முடியாத கேள்வி இது.

வழக்கமாக வரும் முதல் பதில், எலியைத் தின்று உழவனுக்கு உதவுகிறதே என்பது. உண்மைதான். ஆனால் கடையில் எலி மருந்து வாங்கி வந்த அன்றே அந்தக் கணக்கு முடிந்துபோகிறது. பயனை மட்டும் வைத்து ஓர் உயிருக்கு வாழும் உரிமை கொடுத்தால், பயன் தீர்ந்ததும் அதைப் பறிக்க வேண்டிவரும்.

அப்படியானால் புனிதம் காப்பாற்றுமா? ஓசூர் மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் கோயிலின் தலபுராணத்தில் சிவன் உடும்பாக வருகிறார். அம்பிகை அதைத் துரத்திப் போகிறாள். இறைவனே எடுத்த உருவம் என்பதற்காக உடும்பைக் கறிக்கு வேட்டையாடுவது நின்றுவிடவில்லை. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் நிலைமை இன்னும் கொடியது. அங்குள்ள ஆண்டிஸ் பூனையை அய்மாரா, கெச்சுவா மக்கள் புனிதமாகக் கருதுகிறார்கள். விளைச்சலும் மந்தையும் பெருக வேண்டிச் செய்யும் சடங்குகளில் அதன் பதப்படுத்திய தோலை வைக்கிறார்கள். தோலுக்காகக் கொல்லப்படும் அந்தப் பூனை இன்று அழியும் ஆபத்திலுள்ள இனம். வணங்கப்படுவதே அதற்கு வினையாகியிருக்கிறது.

பயனும் புனிதமும் கைவிட்ட இடத்தில் கைகொடுக்கும் ஒரு சிந்தனை தமிழ் வைணவத்தில் இருக்கிறது. இறையருள் எப்படிக் கிடைக்கிறது என்ற வாதத்தில் வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்: குட்டிதான் தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். தென்கலையார் காட்டுவது பூனைக்குட்டியை. அது எதையும் பற்றுவதில்லை. தாயே வாயால் கவ்வித் தூக்கிப் போகிறது. தகுதி பார்த்தோ கேட்ட பிறகோ வருவதல்ல அந்தக் காப்பு. மார்ஜார நியாயம் என்ற இந்த வாதம் பேசுவது கடவுளைப் பற்றித்தான். ஆனால் ஒரு மலையையே வெடிவைத்துப் பெயர்க்கும் வலிமை வந்துவிட்ட மனிதனுக்கும் அது பொருந்தும். வலியவனிடம் மன்றாட வழியில்லாத உயிருக்கு, வலியவன் தானே முன்வந்து செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு.

பூனை கொன்று தின்னும் உயிராயிற்றே, கொல்லாமையைப் போற்றும் மரபு அதை எப்படி அணைக்கும் என்று கேட்கலாம். மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி பாறையில் ஒரு பூனையைத் தவக்கோலத்தில் நிறுத்தியிருக்கிறான்; காலடியில் எலிகள். அது பொய்த்தவசியைச் சாடும் சிற்பம். பொய்த்தவம் மனிதனால் மட்டுமே ஆவது. கொல்லாமை விரதமும் மனிதன் ஏற்றது. காட்டுப் பூனை எந்த விரதமும் ஏற்கவில்லை, எதையும் மீறவுமில்லை.

வலியவனின் அந்தக் கடமை இந்தத் தமிழக-கர்நாடக எல்லைப்புறத்தில் எந்த அளவுக்கு நிறைவேறியிருக்கிறது? காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014-இல் 504 சதுர கிலோமீட்டரில் அறிவிக்கப்பட்டது. 2022-இல் வந்த காவிரி தெற்கு சரணாலயம் 686 சதுர கிலோமீட்டர். அது கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு காட்டை இணைக்கிறது. யானையை நினைத்து வரைந்த எல்லைக்குள் சிறு பூனைக்கும் இடம் கிடைக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் துரும்பன் பூனையை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது.

குறை சரணாலய எல்லைக்கு வெளியே. இந்தப் பூனை அடர்ந்த காட்டை மட்டும் நம்பி வாழ்வதல்ல. பாறை இடுக்கு, முட்புதர், வயலோரம் என்று எங்கும் ஒதுங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்திலோ அந்தப் பாறைகள் கிரானைட் பலகைகளாக லாரி ஏறுகின்றன. ஓசூர் சிப்காட்டின் ஆலைகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றை வேண்டாமென்று சொல்ல முடியாது. ஆனால் ஆலையும் மனைப்பிரிவும் பெருகும் இடத்தில் சாலையும் பெருகுகிறது, தெருநாயும் பெருகுகிறது. வாகனத்தில் அடிபடுவதும் நாய்கள் கடிப்பதும் சிறு பூனைகளின் சாவுக்கு முக்கியக் காரணங்கள். புதர் மண்டிய கரட்டைத் தரிசு என்று எழுதும் வருவாய்ப் பதிவேடு அங்கே குடியிருக்கும் உயிரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது திருத்தப்பட வேண்டிய அநீதி.

மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் கரும்பு வெட்டும்போது துரும்பன் பூனைக்குட்டிகள் அகப்படுவதுண்டு. வனத்துறையினரும் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பினரும் அவற்றைக் கூண்டில் வளர்ப்பதை விட்டு, கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். இருட்டியபின் தாய் வந்து கவ்விப் போகிறது. தளியிலோ அஞ்செட்டியிலோ வயலில் புள்ளியிட்ட குட்டி ஒன்றைக் காண்பவர்களும் அதையே செய்யலாம். அநாதை என்று எண்ணி வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். நாய்களை அப்பால் கட்டிவைத்து, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அன்று இரவு அந்த வயலைத் தாய்க்கு விட்டுக்கொடுங்கள்.