சோதனை



"கடவுள் எம்மைச் சோதிக்கிறார்" என்று அடிக்கடி சொல்கிறோம். சோதனை என்ற சொல்லுக்குத் தூய்மை செய்தல் என்ற பொருளும் உண்டு. இரு பொருளும் ஒரே உலையில் கூடுமிடம், பொற்சுரங்கத்தின் சோதனைக்கூடம்.

கருநாடகத்துக் கோலார் தங்கவயலில் 2001ஆம் ஆண்டுவரை பொன் அகழ்ந்தார்கள். தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறையாக உழைத்த இடம் அது. மூன்று கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிக் கல்லை வெட்டினார்கள். இத்தகைய சுரங்கங்களில் ஒரு தொன் கல்லில் சில கிராம் பொன்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அதை எப்படி அளப்பது?

கல்லை மாவாக அரைத்து, 30 கிராம் அளவில் நிறுத்தெடுப்பார்கள். தொன்னுக்கு 5 கிராம் பொன்னுள்ள கல்லாயின், இதில் இருப்பது 0.15 மில்லிகிராம். அதனுடன் ஈய ஒட்சைட்டு, வெண்காரம், சோடா, சிறிது கோதுமை மாவும் கலந்து மூசையிலிட்டு, 1,000 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சுவார்கள். (கோதுமை மா எதற்கென்பீர்கள். அது கரியாகி, ஒட்சைட்டிலிருந்து ஈயத்தைப் பிரிக்கும்.) பிரிந்த ஈயம் உருகிய குழம்பினூடே மழைத்துளிபோல் இறங்கும், இறங்கும்போதே பொன்னையும் வெள்ளியையும் பற்றிக்கொண்டு அடியிற் சேரும். கல்லின் கழிவு மேலே மிதக்கும்.

இங்கே சற்று நில்லுங்கள். பொன்னை மீட்க, முதலில் அதை மலிந்த ஈயத்தோடு சேர்க்கிறார்கள். ஆணவ இருளிற் கிடந்த உயிருக்கு இறைவன் மாயையிலிருந்து உடம்பையும் உலகையும் கொடுத்து, அவற்றைக் கொண்டே அதைத் திருத்துகிறான் என்பது சைவசித்தாந்தம். அழுக்குத் துணியை உவர்மண் தடவி வெளுப்பதைப் பெரியோர் இதற்கு உவமை சொல்வர். ஈய உவமை இன்னும் பொருந்துவதாக எனக்குப் படுகிறது.

பின்பு ஈயமும் போகவேண்டும். எலும்புச் சாம்பலாற் செய்த சிறு கிண்ணத்தில் அதை வைத்து, காற்றுப்பட மீண்டும் காய்ச்சுவார்கள். ஈயம் ஒட்சைட்டாகிச் சாம்பலுக்குள் ஊறிவிடும். மிஞ்சும் சிறுமணியிலுள்ள வெள்ளியை நைத்திரிக் அமிலத்திற் கரைத்துவிட்டு, பொன்னை மட்டும் நுண்தராசில் நிறுப்பார்கள்.

தீயிலும் அளவுண்டு. குறைந்தால் ஈயம் இடையிலே உறைந்துவிடும். கூடினால் பொன்னிலும் வெள்ளியிலும் சிறிது சாம்பலோடு போய்விடும். ஆதலால் சோதிப்பவர் உலையை விட்டுக் கண்ணெடுக்கமாட்டார். உயிரின் பக்குவம் அறிந்தே இறைவன் வினைப்பயனை ஊட்டுகிறான் என்பதும் இதுவே.

ஆனால், போரிலோ 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலோ பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், "இது உன்னைப் புடமிடும் தீ" என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. தன்னைப் பற்றி ஒருவர் தாமே சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நாவுக்கரசர் நீற்றறையில் ஏழு நாள் இருந்தும் ஊறின்றி வெளிவந்ததைப் பெருமையோடு பேசுகிறோம். அவரே அதற்கு முன் சூலைநோயாற் துடித்து, தமக்கையார் திலகவதியாரின் அடியில் விழுந்தவர். திருவதிகையிலே, தாங்க முடியவில்லையென்று பெருமானிடம் வாய்விட்டு முறையிட்டவர். அந்த அழுகையைப் பெருமான் குற்றமாகக் கொள்ளவில்லை. தமக்கையாரோ ஐந்தெழுத்தோதித் திருநீறு கொடுத்தார். பொழுது புலருமுன், கோயில் கூட்டும் அலகும் மெழுகும் சாணமும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடனழைத்துச் சென்றார்.

திருச்சிற்றம்பலம்.