சிலுவையின் முன் ஒரு தாய்



ஏழு மைந்தரும் ஒரே நாளில் மாளக் கண்ட தாயை மக்கபேயர் ஆகமத்தில் வாசிக்கிறோம். கியூபாவின் கிழக்கே, கிராமத்துக் கமமொன்றில் வாழ்ந்த மரியானா கிராஹலெஸ் அத்தாயை நினைவூட்டுகிறார்.

1868இல் ஸ்பானிய ஆட்சிக்கெதிராகப் போர் மூண்டது. கறுப்பின மக்கள் அடிமைகளாய் விற்கப்பட்ட காலம் அது. கறுப்பினத்தவரான மரியானா பாடுபட்ட சுரூபத்தை எடுத்துவந்து, குடும்பத்தார் யாவரையும் அதன்முன் முழந்தாளிடச் செய்து, நாட்டுக்காக உயிரையும் கொடுப்பதாக ஆணையிடச் செய்தார். இதை அவருடைய மருமகள் பின்னாளில் எழுதிவைத்தார். கணவர் மாண்டார், மைந்தர் சிலரும் மாண்டனர்.

போரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. பிள்ளையைக் களத்துக்கு அனுப்பத் தாய்க்கு உரிமையுண்டா என்று கேட்டால், என்னிடம் இலகுவான விடையில்லை. ஆனால், அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தவரல்லர் அவர். தாமும் காட்டுக்குச் சென்று, காயப்பட்டோருக்கு மருந்து கட்டினார். வியாகுல அன்னையும் தூரத்தில் நின்று அழவில்லை, சிலுவையடியிலேயே நின்றார்.

நாடு கடந்து ஜமெய்க்கா சென்ற மரியானா, 1893இல் அங்கேயே கண்மூடினார். எஞ்சியிருந்த மைந்தருள் அந்தோனியோவும் ஹோசேயும் 1896இல் களத்தில் வீழ்ந்தனர். அன்னையின் எலும்புகள் தாய்மண் சேர்ந்தது 1923இல்தான்.