மழையின் பின்னே ஒளியும் மனம்

தலைவனுக்கு நஃப்ஸு விரிக்கும் வலைகளுள் மிகப் பொல்லாதது, பார்வைக்குப் பக்தியைப் போலவே இருக்கும். 'எல்லாம் அல்லாஹ்வின் கத்ர், நம்மால் ஆவதென்ன?' என்பதே அது.

1956 நவம்பர் 23. அன்று திருச்சி மாவட்டத்தில் இருந்த அரியலூரின் அருகே, மருதையாற்றில் பெருகிய வெள்ளம் ரயில் பாதையை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அதிகாலையில் ஆற்றில் விழுந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டு மஹ்பூப்நகர் விபத்துக்காக அவர் கொடுத்த ராஜினாமாவைப் பிரதமர் நேரு ஏற்கவில்லை. 'மழைக்கு அமைச்சர் என்ன செய்வார்?' என்று மனம் சமாதானம் சொல்ல இப்போதும் வழியிருந்தது. சாஸ்திரி மீண்டும் ராஜினாமாக் கொடுத்தார். விபத்துக்கு அவர் காரணரல்லர் என்று சொல்லியே நேரு இம்முறை அதை ஏற்றார்.

ராஜினாமாவால் மாண்டவர் எழுந்து வருவாரா என்று கேட்பீர்கள். வரமாட்டார்தான். அவர் மழையின் பின்னே ஒளியவில்லை என்பதையே நாம் கவனிக்கிறோம். ஆயினும் நடந்தபின் பொறுப்பேற்பதைவிட, நடக்குமுன் விழித்துக்கொள்வது இன்னும் கடினமானது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டை நோக்கிப் பயணமாகி, ஸர்ஃக் என்னுமிடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வந்தது. முஹாஜிர்களைக் கேட்டார்கள், கருத்து இரண்டுபட்டது. அன்ஸாரிகளைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷி முதியவர்களைக் கேட்க, அவர்கள் ஒருமுகமாகத் திரும்பச் சொன்னார்கள். மதீனாவிலிருந்து எத்தனை நாள் பயணம்! 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்பதும் ஒரு வலையல்லவா? திரும்புவதென்றே முடிவு செய்தார்கள்.

அல்லாஹ்வின் கத்ரை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு கத்ரிலிருந்து மற்றொரு கத்ருக்கே செல்கிறோம் என்ற கருத்தில் கலீஃபா பதில் கூறினார்கள். பசும்புல் பக்கத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும், வறண்ட பக்கத்தில் மேய்த்தாலும் இரண்டும் கத்ர்தானே என்று விளக்கினார்கள். நோயுள்ள ஊருக்குள் செல்லாதீர்கள், அங்கிருந்தால் தப்பியோட வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து அறிவித்தது அதன் பிறகே.

இனி, பெரம்பலூர், லப்பைக்குடிக்காடு, அரியலூர் மஹல்லாப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் மதரஸாச் சுவரில் வெடிப்பு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? 'பாட்டனார் காலத்துச் சுவர், அல்லாஹ் காப்பான்' என்று முத்தவல்லி சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவது மஷூரா ஆகாது. கொத்தனாரையும் அழைத்து உட்கார வையுங்கள். முத்தவல்லி வாய் திறக்குமுன் அவர் பேசட்டும்.