விட்டதை விட்டே இருத்தல்



தீய பழக்கம் ஒன்றை விடுவது அரிதா, விட்டபின் அதனை அணுகாமல் இருப்பது அரிதா என்று வினவினால், பெரும்பாலோர் விடுவதே அரிது என்பர். விடுகின்ற நாளில் ஊரார் பாராட்டுவர்; மனைவி மக்கள் மகிழ்வர்; நாமும் ஒரு வீரச்செயல் புரிந்ததாக எண்ணுவோம். பத்தாண்டு கழிந்தபின் ஒரு மாலைப்பொழுதில், யாரும் காணாத இடத்தில், பழைய ஆசை மெல்லத் தலைதூக்குமாகில், அதனை அடக்குவோனைப் பாராட்ட ஒருவரும் இல்லை. அப்போரில் வென்றதை அவனும் அவன் உள்ளே உறையும் அந்தர்யாமியுமே அறிவர். ஆகலின் இரண்டாவதே அரிது என்பது அடியேனுடைய துணிபு. சூதாட்டம் என்னும் வ்யஸநத்தை முன்னிட்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

மநு தர்மசாஸ்திரம் காமத்தினின்று தோன்றும் வ்யஸநங்கள் பத்து என்று கூறி, அவற்றுள்ளும் மது, சூது, மாதர், வேட்டை ஆகிய நான்கினை மிகக் கொடியனவாகப் பிரித்துக் காட்டுகிறது. ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தத்தில், பரீக்ஷித்து மஹாராஜன் கலிபுருஷனுக்கு ஒதுக்கிக் கொடுத்த இடங்களுள்ளும் சூது ஒன்று. திருவள்ளுவரும் சூதுக்கென ஒரு தனி அதிகாரமே வகுத்தார். இவ்வளவு பேரும் எச்சரித்த பின்னும் அறிவுடையோர் இதில் வீழ்வதேன்? அறியாமையால் அன்று. இதற்குத் தருமபுத்திரரே சான்று.

பாரதத்தின் ஸபா பர்வத்தில் சூது இருமுறை நிகழ்கிறது. முதல் ஆட்டத்தில் யுதிஷ்டிரர் நாடு, செல்வம், தம்பியர், தம்மை, இறுதியில் திரௌபதியையும் இழந்தார். அவையில் நடந்த கொடுமைக்குப் பின் திருதராஷ்டிரன் அஞ்சி, இழந்தவை யாவற்றையும் திருப்பிக் கொடுத்து அவர்களை இந்திரப்பிரஸ்தத்துக்கு அனுப்பினான். பாண்டவர் வழியில் செல்கையில் தூதன் ஒருவன் பின்தொடர்ந்து வந்து, மீண்டும் ஓர் ஆட்டம் ஆட வருமாறு அழைத்தான். யுதிஷ்டிரர் திரும்பினார். தீமை விளையும் என்று அறியாமல் திரும்பினாரோ? இல்லை. குலநாசம் விளையும் என்று அறிந்தும், பெரியவருடைய ஆணையை மீற மனம் வரவில்லை என்று சொல்லியே திரும்பினார். ஒரே ஒரு வீச்சு. பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஜ்ஞாதவாசமும் அதன் பலன்.

இங்கே நாம் நோக்க வேண்டியது ஒன்றுண்டு. இரண்டாம் அழைப்பு ஆசையின் வடிவில் வரவில்லை. மரியாதையின் வடிவில் வந்தது. பெரியோர் சொல், க்ஷத்திரிய தர்மம், அழைத்தால் மறுக்கலாகாது என்னும் கௌரவம் ஆகிய நல்ல ஆடைகளை உடுத்தி வந்தது. நம்மிடத்திலும் அவ்வாறே வரும். ‘நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள், மறுத்தால் வருந்துவர்’ என்று வரும். ‘பெண்ணின் விவாஹத்துக்குப் பணம் வேண்டும், நமக்காகவா ஆடுகிறோம்’ என்று வரும். தீமை தன் சொந்த முகத்தோடு வந்தால் பல்லாண்டு விலகியிருந்தவன் அதனை அடையாளம் கண்டு கதவடைப்பான். தர்மத்தின் முகத்தோடு வரும்போதுதான் கதவு திறக்கிறது.

தருமபுத்திரர் விஷயத்தில் இரண்டு ஆட்டங்களுக்கும் இடைவெளி மிகச் சிறிது. நெடுங்காலம் கழிந்தால் ஆபத்து இல்லையோ எனில், வன பர்வத்தில் வரும் நளோபாக்கியானம் அதற்கு விடை கூறுகிறது. நளனைக் கெடுக்க எண்ணிய கலி, அவனிடத்தில் புகுவதற்கு ஓர் இடைவெளியை எதிர்பார்த்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தான். ஒருநாள் நளன் கால் அலம்பாமல் ஸந்த்யோபாஸனம் செய்தான். அந்தச் சிறு குறையே கலிக்கு வாசலாயிற்று. காத்திருப்பதில் நம்மைவிடத் தீமைக்குப் பொறுமை அதிகம். நாம் ஆண்டுகளை எண்ணிப் பெருமை கொள்கிறோம். அதுவோ நாம் அயரும் ஒரு கணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது.

அங்ஙனமாயின், பல்லாண்டு விலகியிருந்தும் ஆசை உள்ளே எழுவதால் அவன் விலகல் பொய் என்று கூறலாமோ? இது பலரை வாட்டும் ஐயம். ‘இத்தனை ஆண்டுக்குப் பின்னும் நெஞ்சம் துடிக்கிறதே, நான் திருந்தவே இல்லையோ’ என்று மனம் சோர்ந்து, அந்தச் சோர்வினாலேயே மீண்டும் வீழ்ந்தவர் உண்டு. கீதாசாரியன் இரண்டாம் அத்தியாயத்தில் இதற்குத் தெளிவு தருகிறான். உணவை விலக்கியவனை விட்டு விஷயங்கள் விலகும். அவற்றின் சுவையோ விலகாது. பரமானதைக் கண்டபோதே அச்சுவையும் அகலும் என்பது அவன் திருவுள்ளம். எனவே சுவை எஞ்சியிருப்பது பாபமன்று. அது பிரகிருதியின் இயல்பு. சுவை இருந்தும் கை நீளாதிருப்பதே தவம். பசியே இல்லாதவன் ஏகாதசி உபவாஸம் இருந்தான் என்பதில் என்ன சிறப்பு?

மருத்துவ நூலாரும் இதற்கு இசைவாகவே கூறுகின்றனர். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட நோய்ப் பகுப்பு நூலில், சூதாட்ட வெறியை மது முதலிய போதைகளோடு ஒரே வகுப்பில் வைத்தது. எனவே இது வெறும் ஒழுக்கக் குறை என்று இகழ்ந்து தள்ளத்தக்கதன்று. மருத்துவரை நாடுதலும் தகும். வேண்டுதலும் வைத்தியமும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனி ஓர் ஆக்ஷேபம் எழலாம். ‘நளன் பின்னர் ருதுபர்ணனிடம் அக்ஷஹ்ருதயம் என்னும் சூதின் மர்மத்தைக் கற்று, மறுபடியும் புஷ்கரனோடு ஆடி நாட்டை மீட்டானே, நானும் இப்போது ஆட்டத்தின் நுட்பம் அறிந்தவன், இழந்ததை மீட்கலாகாதோ?’ என்பது அது. மீண்டும் ஆட நினைப்போர் யாவருடைய உள்ளத்திலும் இவ்வாதம் ஏதோ ஒரு வடிவில் ஒளிந்துள்ளது. ஆயினும் கதையை முழுதும் படிக்க வேண்டும். அம்மர்மத்தை அறிந்த கணத்தில் நளனுக்கு முதலில் கிட்டியது வெற்றியன்று. கலி அவன் உடலை விட்டு வெளியேறியதே முதற்பலன். வெளியேறிய கலி, சூதாடு காய்களுக்குக் கொட்டை தரும் தான்றி மரத்தில் புகுந்து நின்றான். நளன் சாபமிட நினைத்தும் சினத்தை அடக்கி, அம்மரத்தடியில் தங்காது தேரைச் செலுத்திச் சென்றுவிட்டான். பின்பு நாட்டை மீட்ட ஆட்டமும் ஒரே வீச்சோடு முடிந்தது. வென்றவற்றை வைத்து மேலும் ஆடாமல், தோற்ற தம்பிக்கு அவன் பங்கைத் திருப்பித் தந்து மன்னித்தான். மீட்கும் ஆசையால் ஆடுபவன் ஒரு வீச்சில் நிற்பானோ? நிற்கக் கூடியவனாயின் அவன் முதலிலேயே இழந்திரான்.

இதே அக்ஷஹ்ருதயத்தை ப்ருஹதச்வ முனிவரிடம் பெற்ற யுதிஷ்டிரர் செய்தது இன்னும் நமக்கு அணுக்கமானது. அவர் விராட மன்னனுடைய அவையில் கங்கன் என்னும் பெயரோடு சூதுத் தோழனாகவே ஓராண்டு வாழ்ந்தார். நாட்டை இழக்கச் செய்த அதே காய்கள் நாள்தோறும் அவர் கையில் இருந்தன. உத்தரன் வெற்றிச் செய்தி கேட்டு மகிழ்ந்த மன்னன் ஆட அழைத்தபோது, சூதினால் விளையும் கேட்டினைக் கூறி, யுதிஷ்டிரன் நாடிழந்த கதையையே அவர் எடுத்துக்காட்டினார். மன்னன் கேளாமல் ஆடினான், சினம் மூண்டு அக்காயினாலேயே கங்கனின் முகத்தில் அடித்தான், குருதி பெருகிற்று. வெல்லும் வித்தையைக் கற்றவரே ‘வேண்டாம்’ என்று சொன்னார் என்பதே இதில் நாம் கொள்ளத்தக்க பாடம்.

விளையாட்டு யாவும் தீதோ என்று சிலர் கேட்பர். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபத சோபான படம் விரித்துத் தாயம் உருட்டுகிறோம். அங்கே பந்தயம் இல்லை. ஆதலால் அது சூது அன்று. எனினும் மநு, அறிவுடையோன் வேடிக்கைக்காகவும் சூதாடலாகாது என்கிறார். முன்பு ஒருமுறை அதில் மூழ்கியவனுக்கு இவ்வாக்கு முற்றிலும் பொருந்தும். பிறர்க்கு நாலணா பந்தயம் வேடிக்கை. அவனுக்கு அது உலர்ந்த வைக்கோலில் விழும் பொறி.

அப்படத்தையே நோக்குங்கள். ஏணி பல ஏறி உச்சிக்கு அருகில் வந்தவனை மேல் வரிசையிலுள்ள பெரிய பாம்பு விழுங்கிக் கீழே தள்ளிவிடுகிறது. உயர ஏறியவனுக்கும் விழிப்பு வேண்டும் என்பதற்கு இது நல்ல உவமை. ஆனால் வாழ்க்கை முற்றிலும் அப்படத்தைப் போன்றதன்று. ஒருநாள் தவறியவன், ‘எல்லாம் போயிற்று, இனி ஆடினால் என்ன’ என்று எண்ணுவதே முதல் தவறினும் பெரிய தவறு. இந்நெறியில் தொடங்கிய முயற்சிக்கு அழிவில்லை என்றும், நன்மை செய்பவன் எவனும் துர்க்கதி அடைவதில்லை என்றும் பகவான் அருளியிருக்கிறான். ஏறிய ஏணிகள் வீணாகா. எனினும் இவ்வாக்கு வீழ்ந்தவன் எழுவதற்குச் சொன்னது. நிற்பவன் வீழ்ந்து பார்ப்பதற்குச் சொன்னதன்று.

இக்காலத்தில் விழிப்பு முன்னிலும் வேண்டியுள்ளது. தமிழகத்தில் 2003ஆம் ஆண்டில் லாட்டரிச் சீட்டு தடை செய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2023ஆம் ஆண்டில் மாநிலச் சட்டம் வந்தது. 2025ஆம் ஆண்டில் பாராளுமன்றமும் பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டங்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. இவை நல்லனவே. ஆயினும் சட்டம் கடையை மூடும், மனத்தை மூடாது. முன்னாளில் சூதாடுமிடம் ஊர்ப்புறத்தில் இருந்தது. அங்கே செல்வதற்குள் மனம் மாறக் கொஞ்சம் வழிதூரம் இருந்தது. இன்று கைப்பேசி தலையணையடியில் கிடக்கிறது.

பரிகாரம் யாது? ‘இனி ஜன்மம் முழுதும் தொடேன்’ என்று ஸந்நிதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வோர் உண்டு. அவர்கள் உள்ளம் தூயதே. ஆனால் நம் முன்னோர் நாள்தோறும் செய்யும் ஸங்கல்பத்தைக் கவனியுங்கள். வருஷம், அயனம், ருது, மாஸம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்திரம் என்று சொல்லி, இன்றைய நாளுக்கே ஸங்கல்பிக்கிறோம். நாளைக்கு நாளை ஒரு ஸங்கல்பம் உண்டு. ‘இன்று தொடேன்’ என்பது மனிதனால் தாங்கக்கூடிய பாரம். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சூதினின்று மீள விழைவோர் தமக்குள் கூடி அமைத்த சங்கத்தாரும் ‘ஒரு நாளுக்கு ஒரு நாள்’ என்னும் முறையையே கைக்கொள்கின்றனர். நம் நித்யகர்மத்தின் உட்பொருளும் அதுவன்றோ!

அடுத்து, தன்னைச் சோதித்துப் பார்க்க முயலலாகாது. தான்றி மரத்தடியில் தேரை நிறுத்தலாகாது. பணத்தின் பொறுப்பை மனையாளிடமோ மகனிடமோ ஒப்புவிப்பதில் இழுக்கொன்றும் இல்லை. ஆசை எழுந்த அன்றே நம்பத்தகுந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். மறைக்கப்பட்ட ஆசை வளரும். வீட்டாரும் பழைய கதையைக் கிளறிக் குத்திக் காட்டலாகாது. விலகி நிற்பவனைச் சந்தேகத்தால் வாட்டுவது, அவனைப் பழைய தோழரிடம் நாமே கைபிடித்து அழைத்துச் செல்வதற்கு ஒப்பாகும்.

இவை யாவும் வேலியே, பயிர் வேறு. திருமாலையில் தொண்டரடிப்பொடியாழ்வார், சூதனாகவும் கள்வனாகவும் தீயோரோடு கூடித் திரிந்த காலத்தை மறைக்காமல் பேசுகிறார். அரங்கன் அவரை எவ்வாறு மீட்டான்? ‘அதனை வெறு’ என்று கட்டளையிட்டதாக அவர் கூறவில்லை. வா என்றழைத்து, புத்தியினுள் புகுந்து, தன்மீது ஆதரத்தைப் பெருகச் செய்தான் என்கிறார். ஓர் ஆசையை வெறுப்பினால் மட்டும் நெடுநாள் அடக்க இயலாது. அதனினும் பெரியதோர் அன்பு அவ்விடத்தை நிரப்ப வேண்டும். வெறுமையாகக் கிடக்கும் மாலைப்பொழுதே கலியின் வாசல். அம்மாலைப்பொழுதில் துளசி தொடுக்கலாம், திருவீதி கூட்டலாம், பேரக் குழந்தைக்கு நளன் கதையைச் சொல்லலாம். காய் உருட்டிய கை திருவிளக்கில் நெய் வார்க்கும்போது, அக்கைக்கு வேறு வேலை நினைவுக்கு வாராது.

பல்லாண்டு விலகி நின்று, இன்றும் உள்ளுக்குள் போராடிக்கொண்டிருக்கும் அன்பர் எவரேனும் இதனைப் படிக்கக்கூடும். உம்முடைய போராட்டம் தோல்வியின் அடையாளம் அன்று. நீர் இன்னும் நிற்கிறீர் என்பதற்கே அது சாட்சி. இன்றைய நாளுக்கு இன்று ஸங்கல்பித்துக் கொள்ளும். நாளைய நாளை எம்பெருமான் பார்த்துக்கொள்வான்.